ஒரு சாதா கேமரும் அவனுடைய அலமாரியும்

கேமர் என்று சொன்னதும் மனதில் ஒரு உருவம் வரும். கலர் கலராக விளக்கு எரியும் கம்ப்யூட்டர், காதில் பெரிய ஹெட்ஃபோன், ராத்திரி மூன்று மணி வரை மூடாத கண். இந்தக் கட்டுரையின் நாயகன் அந்த ரகம் இல்லை. வயது 29. வீடு செங்கல்பட்டில், வேலை மகேந்திரா சிட்டியில். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் விளையாடினாலே அதிகம். எந்த கேமையும் 'ஹார்ட்' லெவலில் வைத்து ஆடியது கிடையாது. இந்த மாதிரி ஆட்களை 'கேஷுவல் கேமர்' என்பார்கள். நம்ம பாஷையில் சாதா கேமர். சாதா தோசை மாதிரி. மசாலா இல்லை, ஆனால் பெரும்பாலான ஜனம் சாப்பிடுவது அதுதான் :-)

ஆனால் இந்த சாதா கேமரிடம் ஒரு அலமாரி இருக்கிறது. இரண்டு டிவி கேம் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, பதினோரு கேசட், ஒரு பிஎஸ்-2, ஒரு ஷூ டப்பா நிறைய சிடி, அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று. வெளிநாட்டில் கேம் சேகரிக்கிறவர்கள் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரிஜினல் வேண்டும், அட்டைப்பெட்டி கசங்காமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் புத்தகம் கூட இருக்க வேண்டும். இவனிடம் இருப்பதில் முக்கால்வாசி டூப்ளிகேட். அப்புறம் ஏன் தூசி தட்டி வைத்திருக்கிறான்?

கதை 2008-ல் ஆரம்பிக்கிறது. அப்போது அவன் ஏழாவது. 2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு, தேர்தலில் சொன்னபடி வண்ணத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். 14 அங்குலம், பின்னால் தொந்தி வைத்த பிக்சர் டியூப் டிவி. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு டிவி உண்டு. அது அம்மாவின் சீரியலுக்கும் அப்பாவின் நியூஸுக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது. இலவச டிவி வந்த பிறகுதான் அவனுக்கென்று ஒரு திரை கிடைத்தது. அந்தத் திட்டத்தை ஆதரித்தும் திட்டியும் எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் வரவுப் பக்கத்தில் விட்டுப்போன ஒன்று உண்டு. பல வீடுகளில் அது பிள்ளைகளின் கேம் டிவி.

அந்த டிவியில் மாட்டத்தான் அப்பா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். மூலம் என்னவென்று பார்த்தால், நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்க ஆரம்பித்த 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் விற்ற மிஷின். நம்ம ஊர் பொம்மைக் கடைகளில் நாம் வாங்கியது அதன் நகல். ஒரிஜினலில் பல சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லில் அடக்கி, மேலே கறுப்பாக ஒரு சொட்டு பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பெட்டி பெரிசு, உள்ளே ஒன்றுமே இருக்காது.

கேசட் அதைவிட வேடிக்கை. மேலே '9999 இன் 1' என்று போட்டிருக்கும். மெனுவில் பக்கம் பக்கமாகப் பெயர் ஓடும். உண்மையில் உள்ளே இருப்பது சில டஜன் கேம்கள்தான். அதே மாரியோ வேறொரு லெவலில் ஆரம்பிக்கும், அதே கான்ட்ரா கூடுதல் உயிரோடு ஆரம்பிக்கும், அவ்வளவுதான். மாத்தி மாத்திப் பெயர் வைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். பேலன்ஸ் ஷீட்டில் இப்படிச் செய்தால் ஆடிட்டர் விடமாட்டார்!

அந்தத் துப்பாக்கி மட்டும் ஏமாற்று வேலை இல்லை. வாத்து சுடும் 'டக் ஹன்ட்' 1984-ல் வந்தது. துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியில் படுகிறது என்றுதான் எல்லாப் பையன்களும் நினைத்திருப்பார்கள். நடப்பது நேர் தலைகீழ். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் ஒளி உணரி, இருட்டுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பார்த்தால் சுட்டாச்சு, பார்க்கவில்லை என்றால் தப்பு. அதாவது துப்பாக்கி சுடுவதில்லை, பார்க்கிறது. இது நேரக் கணக்கை நம்பிச் செய்த ஏற்பாடு. பிக்சர் டியூபில் படம் உடனே வரும். எல்ஈடி டிவி படத்தைக் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். அந்தத் தாமதத்திலேயே வாத்து தப்பிவிடும்.

லீவு விட்டால் அவன் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் ஏறுவான். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே அத்தை வீடு, கடல் சத்தம் கேட்கும் தூரத்தில். அத்தை பையனும் இவனும் ஜோடி. கான்ட்ராவில் மூன்றாவது ஸ்டேஜ் அருவி வரும். ஒருத்தன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் கூடவே மேலே போகும், கீழே தங்கிவிட்டவன் செத்துப்போவான். "இருடா மச்சான், நானும் வர்றேன்" என்று அத்தை பையன் கத்துவான். இவன் ஒரு படியில் நின்று, குண்டுக்குத் தப்பிக் குதித்துக்கொண்டே காத்திருப்பான். தனியாக ஆடும்போது இந்தத் தொல்லை இல்லை. தனியாக ஆடினால் அந்த ஸ்டேஜில் ஒன்றுமே இல்லை என்பதும் அவனுக்கு அப்போதே தெரியும்.

அத்தை வீட்டில் வைத்த கேசட் மட்டும் சீக்கிரம் மக்கர் செய்யும். காரணம் உப்புக்காற்று. கேசட்டின் அடியில் இருக்கும் செம்புப் பற்களில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும், பெட்டிக்குள் தொடர்பு சரியாக நிற்காது. உடனே எல்லோரும் செய்த வைத்தியம், வாயால் ஊதுவது. வாய்க்காற்றில் ஈரம் இருக்கிறது, அது களிம்பைக் கூட்டத்தான் செய்யும். நிண்டெண்டோவே ஊதாதீர்கள் என்று சொன்னது. ஊதினால் ஓடியதே என்றால், ஊதியதால் இல்லை, கழற்றித் திரும்பச் சொருகியதால். இப்போது அவன் மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கிறான். பிடிவாதமான களிம்புக்கு பென்சில் ரப்பர். பதினோரு கேசட்டில் ஒன்பது இன்னமும் ஓடுகிறது.

பத்தாவது படிக்கும்போது பிஎஸ்-2 வந்தது. வீட்டுக்கு இல்லை, கடைக்கு. மணிக்கு 20 ரூபாய். மெமரி கார்டு சொந்தமாக வைத்திருப்பவன் அங்கே பண்ணையார். மிஷின் வீட்டுக்கு வந்தது பிறகுதான், அந்தக் கடை மூடும்போது செகண்ட் ஹேண்டில். சிடிக்கு பர்மா பஜார். செங்கல்பட்டில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை ஒரே ரயில், இறங்கினால் எதிரிலேயே கடை. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1960களில் உருவான பஜார் அது. எழுதப்பட்ட டிஸ்குகள் பிளாஸ்டிக் கவரில் வரும். அந்த டிஸ்குகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் ஈரமும் பட்டால் சாயம் வெளுக்கும். ஷூ டப்பாவில் பாதி செத்துவிட்டது. அவனிடம் இருக்கும் ஒரே ஒரிஜினல் பிஎஸ்-2 டிஸ்க் 2009-ல் வந்த 'தேசி அட்டா'. ஹைதராபாத்தில் செய்தது. கபடி, கில்லி, பட்டம் எல்லாம் உண்டு. கேம் சுமார்தான். ஆனால் கில்லியை ஜாய்ஸ்டிக்கில் அடிப்பது தனி சுகம்.

பிறகு பிளஸ் டூவில் இலவச லேப்டாப். 2011-ல் அதிமுக ஆட்சியில் தொடங்கிய திட்டம். படிக்கக் கொடுத்தது. படித்தார்கள்தான், இடையில் 'கிரிக்கெட் 07'-ம் ஆடினார்கள். பென் டிரைவில் ஒரு வகுப்பு முழுக்கப் பரவிய கேம் அது. 2006-ல் ஈஏ நிறுவனம் வெளியிட்டது, அந்த வரிசையில் அதுதான் கடைசி. அடுத்தது வரவில்லை என்றதும் ரசிகர்களே புது அணி, புது சட்டை, புது ஸ்டேடியம் என்று பேட்ச் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். கம்பெனி கைவிட்ட ஒரு கேமை ஆடுகிறவர்கள் காப்பாற்றினார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, அவன் முதல்முறையாகக் காசு கொடுத்து நேர்மையாக கேம் வாங்க ஆரம்பித்தான். ஸ்டீம் கடை 2015 நவம்பரிலிருந்தே ரூபாயில் விலை போடுகிறது. தீபாவளி ஜவுளி மாதிரி தள்ளுபடி. 900 ரூபாய் கேம் 180-க்கு. இப்போது அவன் கணக்கில் 140 கேம். முடித்தது 17. தொடாதது நூற்றுக்குக் கிட்ட. தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது 720 ரூபாய் என்று மனசு சொல்லும். செலவு 180 ரூபாய் என்று பாஸ்புக் சொல்லும்.

முடிக்காத கேம்கள் அவனை ரொம்ப நாள் உறுத்தின. அந்த உறுத்தல் போனது மாமல்லபுரத்தில்தான். பல்லவர்கள் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்த ஐந்து ரதங்கள் முழுசாக முடிக்கப்படாதவை. சில ரதங்களின் அடிப்பகுதி இன்னும் வெறும் பாறை. யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. (ஆமாம், டக் ஹன்ட் வந்த அதே வருஷம்!) ஒரு கேமை ஐந்து மணி நேரம் ரசித்து ஆடிவிட்டு விட்டால், அந்த ஐந்து மணி நேரம் கிடைத்ததுதான்.

உறுத்த வேண்டியது வேறு விஷயம். அந்த 140 கேமும் அவனுடையதா? அக்கவுண்டன்சி பாஷையில் கேட்டால், அது சொத்தா, குத்தகையா? 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினாலும் கிடைப்பது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. யூபிசாஃப்ட் 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஆடுகிறவனுக்கும் அந்த சர்வர் தேவை என்பதால், டிஸ்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. இந்த மாதிரிக் குழப்பத்துக்காகத்தான் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். உரிமம்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அமல். அமெரிக்காவில் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. ஒரிஜினல்களின் கதியே இது.

இப்போது அந்த அலமாரியைத் திரும்பப் பாருங்கள். அந்த டூப்ளிகேட் கேசட்டுக்கு சர்வர் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். சொருகினால் ஓடும். இதற்காகத் திருட்டு நியாயமாகிவிடாது. செய்தவனுக்குக் காசு போக வேண்டும், அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காசு கொடுத்தவனிடம் பொருள் தங்க வேண்டாமா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

இதில் அவன் கண்டுபிடித்த இன்னொன்று, சேகரிக்க வேண்டியது கேம் மட்டும் இல்லை. கேசட் இருந்து டிவி இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக். தொந்தி டிவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, பிரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூக்கிப் போடச் சொல்லியும் அந்த 14 அங்குல இலவச டிவியை அவன் விடாமல் வைத்திருப்பது அதனால்தான்.

ஆளும் வேண்டும். அத்தை பையன் கத்தாருக்குப் போய் ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். போன தடவை வந்தபோது இருவரும் கான்ட்ரா போட்டார்கள். விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தன, அருவி தாண்டுவதற்குள் உயிர் தீர்ந்தது. அடுத்த நாள் இவன் வேலைக்குப் போய்விட்டான், அத்தை பையனின் ஏழு வயசு மகள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மதியம் முழுக்க வாத்து சுட்டிருக்கிறாள். அவளுக்கு அது பழசு என்றே தெரியவில்லை.

அதிலிருந்து அவனுக்கு மூன்று விதி. ஒன்று, ஓடாத எதையும் அலமாரியில் வைப்பதில்லை, சரிசெய்ய வேண்டும் அல்லது கொடுத்துவிட வேண்டும். இரண்டு, தள்ளுபடி என்பதற்காக வாங்குவதில்லை, இந்த வாரம் ஆடுவேன் என்றால் மட்டும் வாங்குவது. மூன்று, எந்தப் பெட்டியாக இருந்தாலும் இரண்டாவது ஜாய்ஸ்டிக் வேலை செய்ய வேண்டும். மூன்றாவதில் மட்டும் சமரசமே கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி கிடக்கும். ஒருநாள் இறக்கிப் பாருங்கள். ஊதாதீர்கள், ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். பக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.