அடுக்களையில் எழுந்த சபை

மெதடிஸ்த இயக்கத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் 1738ஆம் ஆண்டிலே, ஜோன் வெஸ்லியின் மனமாற்றத்திலே தொடங்குவர். நாம் அதற்குக் கால் நூற்றாண்டு முந்திய ஓர் அடுக்களையிலிருந்து தொடங்க விரும்புகிறோம். இங்கிலாந்தின் எப்வேர்த் என்னும் சிற்றூரின் குருமனை அடுக்களை அது. 1712ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கணவர் சாமுவேல் இலண்டன் சென்றிருந்த வேளையில், சூசன்னா வெஸ்லி ஞாயிறு மாலைகளிலே தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் பிரசங்கங்களை வாசித்து ஜெபம் நடத்தினார். அயலவரும் வந்து சேர, ஈற்றில் இருநூறு பேரளவில் கூடினர். உதவிக் குரு முறையிட்டார். கணவர் ஆட்சேபித்து எழுதினார். விருப்பம் என்று சொன்னாற் போதாது, திட்டமாகக் கட்டளையிடுங்கள். அதற்கான பொறுப்பையும் கடவுள் முன் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே சூசன்னா அனுப்பிய மறுமொழியின் சாரம். அப்பொழுது ஜோன் எட்டு வயதுச் சிறுவன்.

அச்சிறுவன் வளர்ந்து பெண்ணுரிமைவாதி ஆகிவிடவில்லை. 1761இல் டேர்பி நகரிலே முப்பது பேரை எதிர்பார்த்து வகுப்புக் கூட்டத்துக்குச் சென்ற சாரா குரொஸ்பியின் முன் ஏறத்தாழ இருநூறு பேர் வந்து நின்றனர். ஒவ்வொருவராகப் பேச இயலாமையால் எல்லோருக்கும் பொதுவாகப் பேசிவிட்டு, தாம் செய்தது தகுமோவென வெஸ்லிக்கு எழுதினார். நீர் வரம்பு மீறவில்லை. மெதடிஸ்தர் பெண் பிரசங்கிகளை அனுமதிப்பதில்லை என்று சபையோரிடம் முதலிற் கூறும், பின்னர் உமது உள்ளத்தில் உள்ளதைச் சொல்லும் என்றார் வெஸ்லி. சட்டமும் பிழைத்தது, காரியமும் நடந்தது! பத்தாண்டுகளின் பின், மேரி பொசன்கெற் வேதத்திலிருந்தே ஆதாரங் காட்டி வாதிட்டபோதுதான், சில பெண்களுக்கு அசாதாரண அழைப்பு உண்டென அவர் ஒப்பினார். 1777ஆம் ஆண்டில் மட்டும் சாரா 960 மைல் பயணஞ் செய்து 220 பொதுக் கூட்டங்களை நடத்தினார்.

வெஸ்லி 1791இல் மறைந்தார். 1803ஆம் ஆண்டு மான்செஸ்ரரிற் கூடிய மாநாடு பெண்களின் பிரசங்கத்தைக் கட்டுப்படுத்தியது. அழைப்புப் பெற்றவர்களும் அனுமதியோடு, பெண்களுக்கு மட்டுமே பேசலாம் என்றது. சொன்ன காரணங்கள் இரண்டு: நம் மக்களிற் பெரும்பாலோர் இதனை விரும்பவில்லை, ஆண் பிரசங்கிகள் போதியளவு உள்ளனர். இரண்டாவது காரணத்திலேதான் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது என்பது நம் எண்ணம். வயல்வெளியிலும் களஞ்சியத்திலும் கூட்டம் நடந்த காலத்திலே பெண்ணின் குரல் வேண்டியிருந்தது. கட்டடமும் கௌரவமும் வந்ததும் அது வேண்டாததாயிற்று. மத ஸ்தாபனங்கள் அப்படித்தான் என்று நகைக்க முற்படும் தோழர்கள், நம் சங்கக் கூட்டங்களில் மேடையில் அமர்ந்திருப்போர் யார், சந்தாப் பணம் சேர்ப்போர் யார், தேநீர் ஊற்றுவோர் யார் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லோரும் பணிந்துவிடவில்லை. மேரி மேட்லி என்னும் ஊரில் 1815இல் இறக்கும்வரை பேசினார். எலிசபெத் எவன்சும் தடையின் பின் பேசிவந்தார். காலப்போக்கில் வேறொரு மெதடிஸ்த சபைக்குச் சென்றார். இவரை மனத்திற் கொண்டே இவருடைய மருமகள் மேரி ஆன் எவன்ஸ், 1859இல் வெளிவந்த ‘அடம் பீட்’ நாவலின் டைனா மொரிசைப் படைத்தார். நாவலின் முடிவிலே டைனா மாநாட்டின் தடைக்குப் பணிந்து, பிரசங்கத்தைக் கைவிட்டு இல்லறத்தில் அமைகிறாள். அதை எழுதிய மேரி ஆன், ஜோர்ஜ் எலியட் என்னும் ஆண் பெயரிலேயே நூலை வெளியிட்டார்.