18 நிமிடத் தொலைவு

செப்டம்பர், திங்கள் – ஷாங்ஸ்வில், பென்சில்வேனியா

ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய பூமி. இப்போது புல்லும் காட்டுப் பூவுமாகக் கிடக்கிறது. 2001 செப்டம்பர் 11 காலை 10.03க்கு கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானம் இங்கேதான் விழுந்தது. நுழைவாயிலில் ‘குரல்களின் கோபுரம்’: 93 அடி உயரம், 40 காற்றுமணிகள். பயணிகள் 33, பணியாளர்கள் 7, ஆளுக்கு ஒரு மணி. காற்று பலமாக இருந்ததால் நன்றாகவே கேட்டது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி.

விமானத்திலிருந்து 13 பேர் தரைக்குப் பேசினார்கள். நியூயார்க்கில் நடந்த தாக்குதல் அப்படித்தான் உள்ளே தெரிந்தது. தங்களுக்குள் வாக்கெடுத்து, விமானி அறை மீது பாய்ந்தார்கள். கடத்தியவர்கள் குறிவைத்த வாஷிங்டன் அப்போது வெறும் 18 நிமிடத் தொலைவு.

அந்தத் தூரத்தைத்தான் நான் சைக்கிளில் போகப் போகிறேன். நியூயார்க், ஷாங்ஸ்வில், பென்டகன் மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் செப்டம்பர் 11 தேசிய நினைவுத் தடம் மொத்தம் 1,300 மைல். தாக்குதல் நடந்த அதே மாதம் டேவிட் பிரிக்லி என்பவர் முன்வைத்த யோசனை. அரசு சட்டம் போட்டு அங்கீகரித்தது 2021 அக்டோபரில். என் பயணம் அதில் ஒரு பக்கம் மட்டும்.

புதன் – கம்பர்லாந்து, மேரிலாந்து

காரெட் ஊர் வரை வண்டிகள் ஓடும் சாலை. லாரி வரும்போதெல்லாம் ஓரம் ஒதுங்க வேண்டியிருந்தது. நினைவஞ்சலிக்கு வருகிறவர்களுக்குத் தனிப்பாதை வேண்டும். அதை முடிக்காமல் விடக் கூடாது. காரெட்டுக்குப் பின் பழைய ரயில் தடம், வண்டித் தொல்லை இல்லை. 3,294 அடி நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தைத் தாண்டியதும் இறக்கம்தான்.

வெள்ளி – பா பா

கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை 184.5 மைல் கால்வாய்க்கரை. கோவேறு கழுதைகள் படகு இழுத்த வழி. பா பா சுரங்கத்தைக் குடைய 14 ஆண்டுகள் ஆயின. கைப்பிடிக் கட்டையில் படகுக் கயிறு அறுத்த பள்ளங்கள் இன்னமும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

இந்த ஊர்களுக்கும் அந்தத் துயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. அந்த விமானம் வந்து சேராமல் போன வழி இது. அந்த 40 பேர் தடுத்து நிறுத்திய தூரம் எவ்வளவு என்பது, நாள் முழுக்க மிதித்தும் வாஷிங்டன் வராதபோதுதான் உடம்புக்கு உறைக்கிறது.

செவ்வாய் – பென்டகன்

இங்கே இறந்தவர்களுக்கு, ஆளுக்கு ஒன்றாக 184 இருக்கைகள், ஒவ்வொன்றின் அடியிலும் நீர். பிறந்த ஆண்டு வாரியாக வரிசை. கடைசிக் குழந்தைக்கு வயது 3. அன்று இங்கே மோதிய இன்னொரு விமானத்தில் இறந்தவரின் பெயரைப் படிக்க நின்றால் எதிரே வானம். கட்டடத்தில் இறந்தவர் என்றால் எதிரே பென்டகன் சுவர். ஒரே குடும்பத்தில் பலர் போயிருந்தால், மற்றவர்களின் பெயர்கள் நீருக்கடியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குனிந்துதான் படிக்க வேண்டும்.

அமெரிக்கா வரும் நம்மவர்கள் பெரும்பாலும் நியூயார்க் நினைவிடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கால்பலம் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தையும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்; ஏப்ரல் பாதிக்கு மேல் வாருங்கள்.