கடல் ஒதுக்கிய மரமும் வீட்டு விளக்கும்

மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி ஜெபஆலயத்தில் பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. வாடகை வீட்டில் குடியிருக்கும் நமக்கு அவை எட்டாதவை. ஆனால் மழைக்காலத்தில் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளோ விலையின்றிக் கிடைக்கின்றன. அலைகள் தேய்த்து வழுவழுப்பாக்கிய அம்மரத்தில் ஒரு விளக்கைப் பொருத்தினால் சிற்றறையும் அழகுபெறும்.

பிரியமானவர்களே, ஒரு காரியத்தில் மாத்திரம் அவசரப்படாதிருங்கள். கடல்நீரில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு உண்டு. மரத்தினுள் தங்கிவிடும் அவ்வுப்பு, கொச்சியின் ஈரக்காற்றிலிருந்து நீரை இழுக்கும், ஹோல்டரின் உலோகத்தை அரிக்கும், மின்கசிவுக்கும் வழிதிறக்கும். பிள்ளைகள் தொடும் உயரத்தில் இருக்கும் விளக்கல்லவா! ஆகையால் மரத்தை நல்ல தண்ணீரில் சில வாரங்கள் ஊறவைத்து, அடிக்கடி நீரை மாற்றி, பின்பு நிழலில் முற்றிலும் உலர்த்துங்கள்.

கப்பல்புழு துளைத்த துவாரங்கள் (அது புழுவன்று, சிப்பியினம்) கண்ணுக்கு அழகே. ஒயருக்கோ தனித்துளையிட்டு, பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துவதே நலம். சூடு குறைந்த எல்.இ.டி. பல்பு போதும். வீட்டுக்காரரின் கூரையில் துளையிடாமல் மேசைவிளக்காகவே செய்துகொள்ளலாம். மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் வைக்காதிருங்கள்; உப்பேறிய மரத்தின் புகை நச்சுள்ளது.