புரட்டாசி முடிந்த ஞாயிறு... பரங்கிக்காய் போட்ட கோழிக் குழம்பு!

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் வருகிற முதல் ஞாயிறு, திருமுல்லைவாயில் கறிக்கடைகளில் விடியும்போதே கூட்டம் கூடிவிடும். ஒரு மாதம் அசைவம் தொடாதவர்கள் எல்லோரும் ஒரே காலையில் பையோடு வந்து நிற்பார்கள். கூடவே மழையும் ஆரம்பிக்கிற காலம். காரமாக, சூடாக ஒரு குழம்பு கேட்கும் நாக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் அப்படித்தான் காத்திருந்தார். ஆனால், அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பும் கூடியிருந்தது. ‘கொழுப்பில்லாத கறியா, அளவா சாப்பிடுங்க. தேங்காயைக் குறைச்சு, காயும் பயறும் கூட்டிக்கோங்க’ என்றார் டாக்டர்.

மருமகள் ஒரு திட்டம் போட்டார். மட்டனுக்குப் பதில் தோல் நீக்கிய கோழி, அரை கிலோ. கூடவே அரை கிலோ பரங்கிக்காய், ஒரு கைப்பிடி காராமணி. இதைக் கேட்டதும் மாமியாரின் முகம் மாறிவிட்டது.

“ஏம்மா, ஒரு மாசம் கழிச்சு மனுஷன் ஆசையா கறி கேக்குறாரு. அதுல போய் காயைப் போட்டு நிரப்புவியா?”

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. சம்பளம் போதாத நாள்களில் அரை கிலோ கறி வாங்கி, முள்ளங்கியும் கத்தரிக்காயும் போட்டு, எட்டுப் பேருக்குக் குழம்பு வைத்தவர் அவர். பிள்ளைகள் தட்டில் விழும் துண்டை எண்ணிப் பார்த்த ஞாயிறுகள் அவை. ஓவர்டைம் பணம் வர ஆரம்பித்த பிறகு, குழம்பில் காய் போடுவதையே நிறுத்திவிட்டார். கஷ்டம் தீர்ந்ததற்கு அவருக்குத் தெரிந்த அடையாளம் அதுதான்.

“அத்தை, நீங்க அன்னிக்குப் பண்ணதைத்தான் டாக்டர் இன்னிக்கு எழுதிக் கொடுத்திருக்கார்” என்றார் மருமகள்.

மாமியார் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அரிவாள்மனையை எடுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எல்லாத்துக்கும் தோல் சீவாத. பாதித் துண்டு தோலோட கிடந்தாத்தான் கரையாம நிக்கும்.” மதியம் பெரியவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது, ஊற்றியதும் அவர்தான்.

குழம்பில் என்ன இருக்கிறது?

நம் கறிக்குழம்பில் கொழுப்பு கறியிலிருந்து மட்டும் வருவதில்லை; அரைத்து ஊற்றும் தேங்காயிலும் இருக்கிறது. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி. அதே அளவு பரங்கிக்காயில் சுமார் 26 மட்டுமே. வேகவைத்து மசித்தால், தேங்காய் இல்லாமலே குழம்பு கெட்டியாகும். தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம்; கொழுப்பு 3 கிராம்தான். காராமணியின் நார்ச்சத்து சீக்கிரம் பசிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

பரங்கியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. அதை உடல் கிரகிக்கக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். அதனால் எண்ணெயை அடியோடு விட்டுவிட வேண்டாம்.

அமெரிக்காவில் கறி, மிளகாய் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ‘சில்லி’க்கு டெக்சாஸ் மாநில உணவு என்ற அந்தஸ்தே உண்டு. அதிலும் பூசணி, பீன்ஸ் சேர்த்துச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். பரங்கி, மிளகாய், தக்காளி மூன்றுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். ஆக, இந்தக் குழம்பு அதற்கு ஒரு வகையில் சொந்தம்!

தேவையானவை (5 பேருக்கு)

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, பரங்கிக்காய் - தலா 500 கிராம்
காராமணி - 100 கிராம் (இரவே ஊறவைத்தது)
சின்ன வெங்காயம் - 20
தக்காளி - 3
இஞ்சி-பூண்டு விழுது - 1 டேபிள்ஸ்பூன்
குழம்பு மிளகாய்த்தூள் - 2 டேபிள்ஸ்பூன்
மஞ்சள்தூள் - அரை டீஸ்பூன்
மிளகு-சீரகப்பொடி - 2 டீஸ்பூன்
நல்லெண்ணெய் - 3 டீஸ்பூன்
கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு - தேவைக்கு

செய்முறை

காராமணியைக் குக்கரில் 3 விசில் விட்டு எடுக்கவும். பாதிப் பரங்கியைத் தோல் சீவி வேகவைத்து மசிக்கவும். மீதியைத் தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்கவும்.

எண்ணெயில் கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி-பூண்டு விழுது, தக்காளியை ஒவ்வொன்றாகச் சேர்த்து வதக்கவும். தூள்கள், உப்பு, 2 கப் தண்ணீர் சேர்த்துக் கொதித்ததும் பரங்கித் துண்டுகளைப் போடவும். 5 நிமிடம் கழித்துக் கோழியைச் சேர்த்து 12 நிமிடம் வேகவிடவும். நெஞ்சுக்கறி அதிகம் வெந்தால் சக்கையாகிவிடும். கடைசியில் காராமணியும் மசித்த பரங்கியும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் மிளகு-சீரகப்பொடி, கொத்தமல்லி தூவி இறக்கவும். தித்திப்பாகத் தெரிந்தால் கொஞ்சம் எலுமிச்சைச்சாறு பிழியலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் சோற்றை ஒரு கப்போடு நிறுத்திக்கொண்டு, குழம்பிலுள்ள காயையும் கறியையும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகப் பிரச்னை இருந்தால், புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரங்கி விதைகளை வீசிவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து வறுத்தால், மழை நாள் மாலைக்குக் கொறிக்க ஆச்சு!