கரண்ட் பில்லில் ஏறிய நட்சத்திரம்

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் சுடுகிற பட்டறைகளுக்கு அட்டைப்பெட்டி லேபிள், விலைப்பட்டியல் எல்லாம் அடித்துக் கொடுப்பது என் தொழில். டிசைன் வேலைக்காகக் கொஞ்சம் வலுவான கணினி வைத்திருக்கிறேன். நவராத்திரிக்கு முன்னால் ராப்பகலாக ஓடும். மற்ற மாதங்களில் பாதி நேரம் வேலையில்லாமல் கிடக்கும்.

அதில் பாயிங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. பிரம்மாண்டமான கணக்கைத் துண்டு போட்டு ஊர் ஊராகக் கணினிகளுக்கு அனுப்பும். விடை இணையம் வழியே திரும்பிப் போகும். இந்த வழியைப் பிரபலமாக்கியது, வேற்றுலக சமிக்ஞையைத் தேடி 1999இல் பெர்க்லியிலேயே தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம். 2020 மார்ச்சோடு அது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. நான் சேர்ந்தது ஐன்ஸ்டீன் அட் ஹோமில். 2010இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் ஒருவரின் கணினியும், நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் பல்சர் வகை நட்சத்திரம் ஒன்றை இதில் கண்டுபிடித்தன. ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி, விடை ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள்.

அறிவியல் ஆர்வம் என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னை இழுத்தது புள்ளிகள். முடித்த துண்டுக்குப் புள்ளி, புள்ளிக்குத் தரவரிசை. கடை திறந்ததும் ஊதுவத்தி கொளுத்தும் முன் அதைத்தான் பார்ப்பேன். இன்றைக்கும் அந்தச் சபலம் போகவில்லை.

ஒரு சூளை மேஸ்திரியிடம் பெருமையாக விளக்கினேன். "நீங்க பெரிய சாமானுக்கு நடுவுல அகல் விளக்கைச் செருகுறீங்களே, அது மாதிரிதான் அண்ணே. தனிச் செலவு கிடையாது."

அவர் சிரித்தார். "யாரு சொன்னது? ஏத்துற எடைக்குத் தக்கன கேஸ் குடிக்கும் தம்பி."

அன்று இரவு கணக்குப் போட்டேன். சும்மா இருக்கும் கணினியைவிட, முழு மூச்சாகக் கணக்குப் போடும் கணினி பல மடங்கு மின்சாரம் இழுக்கும். கூடுதலாக 100 வாட் என்றால் பத்து மணி நேரத்தில் ஒரு யூனிட். கடை இணைப்புக்கு, வீட்டுக்குப் போல இலவச யூனிட்டும் கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டி எரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கரண்டுக்கு விலையில்லை என்று எப்படித்தான் நினைத்தேனோ! ஓய்வு நேரத்தைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு நான் உண்மையில் கொடுத்தது காசு.

நிறுத்தவில்லை. கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பவர் விலை தெரிந்துதானே கொடுக்கிறார். மென்பொருளிலேயே நேரமும் அளவும் குறிக்க வசதி உண்டு: இரவில் மட்டும், பாதி வேகத்தில். சித்திரை, வைகாசியில் அறவே இல்லை. அந்த வெக்கையில் கணினியின் சூட்டைத் தணிக்க ஏசியும் போட வேண்டிவரும்.

கடைக்கு வரும் கல்லூரிப் பையன் ஒருவன், தன் கல்லூரி ஆய்வகத்திலும் போடலாமா என்று கேட்டான். 2009இல் அரிசோனாவில், பள்ளிக் கணினிகளில் செட்டியை ஓடவிட்ட அதிகாரி பதவியை விட நேர்ந்த கதையைச் சொல்லி, முதலில் அனுமதி வாங்கச் சொன்னேன். போய்க் கேட்டிருக்கிறான். பொறுப்பாளர் நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லையாம்.

"ராத்திரி ஏசி ஓடணுமா?" என்றுதான் கேட்டாராம்.