நெல் குவியல் மேல் ஒரு கச்சேரி

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு நைட் ஷிஃப்ட். 'தபேலா மேதை ஜாகிர் உசேன் காலமானார்' என்று டைப் செய்தது நான்தான். எல்லா இடங்களிலும் அதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாம் பிந்திவிடக் கூடாது என்ற பதற்றத்தில் நோட்டிஃபிகேஷனையும் தட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குடும்பத்தினரிடமிருந்து மறுப்பு வந்தது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்றார்கள். அவசரமாகச் செய்தியை எடுத்தோம். ஆனால், அதற்குள் எத்தனையோ பேரின் போன்களுக்குப் போய்விட்ட நோட்டிஃபிகேஷனை எப்படித் திரும்ப வாங்குவது?

மறுநாள் காலை குடும்பத்தினரே மரணத்தை உறுதிசெய்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில், நுரையீரல் நோயால் இறந்திருந்தார். வயது 73. "விடு, கடைசியில செய்தி சரியாத்தானே போச்சு" என்று தோழி ஒருத்தி ஆறுதல் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. ஒரு மனிதர் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், அவரை 'வாசித்தார், வாழ்ந்தார்' என்று எழுதி முடித்தவள் நான்.

அதன்பிறகு அவர் வாசிப்பு எங்காவது ஒலித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். 2025-ல் 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' ஆல்பம் வந்தபோதும் அப்படித்தான். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' இசைக்குழு, தன் 50-வது ஆண்டை ஒட்டி 2023-ல் செய்த சுற்றுப்பயணத்தின் நேரடிப் பதிவு அது. ஜாகிர் மறைந்த பிறகு வெளியாகி, கிராமி பரிந்துரைப் பட்டியலுக்கும் போனது. அந்தச் செய்தியையும் எழுதினேன். பாட்டை மட்டும் கேட்கவில்லை.

கேட்கவைத்தவர் என் பெரியப்பா.

இந்தத் தை மாதம் திருவையாறு பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து முறைக்காகக் காத்திருந்தார் பெரியப்பா. ராத்திரியில் பனி இறங்கினால் ஈரப்பதம் ஏறிவிடும் என்று, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார். சாப்பாடு கொண்டுபோன நானும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா தவில்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் கோயில் புறப்பாடு, கல்யாணம் என்று வாசித்தவர். தோள்வலி வந்த பிறகு தவிலைத் தூக்கவில்லை.

"ஏம்மா, போன்ல எதாச்சும் கச்சேரி வையேன். தூக்கம் வராம இருக்கணும்" என்றார்.

தேடியபோது அந்த ஆல்பம்தான் முதலில் வந்து நின்றது. வைத்துவிட்டேன்.

அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெக்லாக்லின் இங்கிலாந்துக்காரர். 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்று பெயர் வைத்து, மேடை அதிர எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த ராக் கலைஞர். 1970-களின் நடுவில் மரக் கிட்டாரோடு சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர், கடம் விக்கு விநாயக்ராம். அவர்களின் முதல் ஆல்பமே 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவுதான்.

"விக்குவா? தேத்தாகுடிக்காரர் ஆச்சே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் பெரியப்பா. வேதாரண்யத்துக்குப் பக்கத்து ஊர் தேத்தாகுடி. அவர் பெயருக்கு முன்னால் நிற்பது அந்த ஊர்தான். இந்தப் பதிவில் கஞ்சிரா வாசிப்பது அவர் மகன் செல்வகணேஷ் என்றேன். 'வெண்ணிலா கபடிக்குழு'வுக்கு இசையமைத்தவர் என்றதும் இன்னும் நெருங்கி வந்தார். பாடுவது சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன்.

அதற்குள் பெரியப்பாவின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. தபேலாவும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசிக்கொண்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் சொற்கட்டை முணுமுணுத்தன. முடிவு சரியாக வந்து விழுந்தபோது, போனிலிருந்து கைதட்டல் கேட்டது.

"கைதட்டலையும் வெட்டாம விட்டுருக்காங்களே... நல்ல வேலை பண்ணாங்க" என்றார்.

அப்போதுதான் அந்தக் கல்யாண வீடியோ கதையைச் சொன்னார். எங்கள் அத்தை கல்யாணத்தில் பெரியப்பாதான் தவில். மூன்று மணி நேர வீடியோவில் பல இடங்களில் அவர் வாசிக்கிறார். ஆனால், வீடியோக்காரர் அத்தனைக்கும் மேல் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். பெரியப்பாவின் விரல்கள் பறக்கும், குச்சி விழும். கேட்பது மட்டும் டூயட். "நான் அடிச்சதுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதான். அதுவும் ஊமை" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே குழு 2023-ல் வெளியிட்ட 'திஸ் மொமன்ட்' ஆல்பத்துக்கு 2024-ல் கிராமி விருது கிடைத்தது. கொரோனா காலத்தில் ஆளுக்கு ஓர் இடத்திலிருந்து வாசித்து அனுப்பிச் சேர்த்த ஆல்பம் அது. 2014-ல் 45 வயதில் இறந்துபோன மாண்டலின் ஸ்ரீநிவாஸின் நினைவாக அதில் ஓர் உருப்படி இருக்கிறது. அதன் மேடை வடிவமும் இந்த நேரடிப் பதிவில் உண்டு. போன நண்பருக்காக இவர்கள் வாசித்தார்கள். வாசித்தவர்களில் ஒருவர் இப்போது இல்லை. ஆனால், அந்த மேடையில் அவருக்கு அது தெரியாது. எதிரில் இருப்பவர் ஒன்று வாசித்தால், உடனே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நிமிஷத்தில் அவர் இருக்கிறார். நான் அவசரப்பட்டு அவரிடமிருந்து பறித்ததும் அப்படிப்பட்ட சில மணி நேரங்களைத்தான்.

"தபேலா வாசிக்கிறவர் இப்ப எங்க இருக்காரும்மா?" என்றார் பெரியப்பா.

இந்தமுறை நிதானமாகச் சொன்னேன். "தவறிட்டாங்க பெரியப்பா. ஒரு வருஷம் ஆகுது."

ஒன்றும் பேசாமல், "திரும்ப அந்த இடத்தை வை" என்றார். வைத்தேன். முடிந்ததும் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து அவர் பக்கமாக நீட்டினேன். "தவில் வேண்டாம் பெரியப்பா, வாயால சொல்லுங்க போதும்."

முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நெல் குவியல் மேல் ஒரு கை தாளம் போட, சொற்கட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்தது. நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பக்கத்துக் குவியலில் இருந்தவர், "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார். பெரியப்பா நிறுத்தவில்லை. முடித்தபோது அதே பக்கத்துக் குவியல்காரர் கைதட்டினார்.

நான்கு நிமிஷம், பன்னிரண்டு விநாடி.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பெரியப்பா போன் செய்தார். "அந்த லாரி சத்தத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துட முடியாதாம்மா? உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

முடியும் பெரியப்பா, ஆனா எடுக்க மாட்டேன் என்றேன்.