திருப்பிக் கொடுத்த கலீஃபா

வெள்ளிக்கிழமை இரண்டாவது குத்பா முடியும் தறுவாயில் இமாமின் குரல் சற்று உயரும். நீதி செய்யுங்கள், நன்மை செய்யுங்கள், சொந்தபந்தங்களுக்குக் கொடுத்து உதவுங்கள் என்று இறைவன் ஏவுவதைச் சொல்லும் வசனம் அப்போது வரும். ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 90-வது வசனம். ஜும்ஆவுக்கு வழக்கமாகப் போகிறவர்களுக்கு அரபு தெரியாவிட்டாலும் அந்த ஓசை பழகிப்போயிருக்கும். தொழுகைக்கு எழப்போகிறோம் என்பதற்கு அடையாளமாகவே பலர் அதை வைத்திருக்கிறோம்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் இருந்தது வசை. நபியின் மருமகன் அலீயை மிம்பரில் நின்று சபிப்பது உமையா ஆட்சியின் வழக்கம். பல பத்தாண்டுகள் நடந்தது. வாரம் தவறாமல், தொழ வந்த மக்களை உட்கார வைத்துக்கொண்டு, அரசாங்கம் தன் பழைய அரசியல் பகையைத் தீர்த்துக்கொண்டது. அதை நிறுத்தியவர் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ். திட்டிய இடத்தில் இந்த வசனத்தை வைத்தவரும் அவரே என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவரும் உமையா குடும்பத்துக்காரர்தான்.

நம் பயான்களில் அவர் பெயரைச் சொன்னதும் வருவது விளக்குக் கதை. அரசாங்க வேலை முடிந்து சொந்தப் பேச்சு ஆரம்பித்ததும் பொதுப்பண எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தன் விளக்கை ஏற்றினார் என்பது. நல்ல கதைதான். ஆனால் அதை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அவர் ஒரு சிக்கனக்கார அதிகாரியாகத்தான் மனதில் நிற்பார். எண்ணெய் விஷயம் மிகச் சின்னது. அவர் கை வைத்தது ஒரு வம்சத்தின் சொத்தில். பிறகு ஒரு பேரரசின் வரும்படியில்.

பிறந்தது 680-ஐ ஒட்டி. அப்பா அப்துல் அஸீஸ் பின் மர்வான் எகிப்தை இருபது வருடம் ஆண்ட ஆளுநர். அம்மா, இரண்டாம் கலீஃபா உமரின் பேத்தி. பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம் ‘கலீஃபா பார்க்காவிட்டாலும் இறைவன் பார்க்கிறான்’ என்று மறுத்த பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டி வைத்தாராமே உமர், அந்தப் பெண்ணின் மகள் வயிற்றுப் பிள்ளைதான் இவர். வம்சாவளி இப்படி இருந்தாலும் இளம் வயதில் ஆள் பெரிய சொகுசுக்காரர். விலையுயர்ந்த துணி, வாசனைத் திரவியம், தனக்கென்று ஒரு ஒயில் நடை. அந்த நடைக்கே அவர் பெயரை வைத்து இளம்பெண்கள் நடந்து பழகினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

706-இல் கலீஃபா வலீத் அவரை மதீனாவின் ஆளுநராக்கினார். போன கையோடு ஊரின் பத்து மார்க்க அறிஞர்களைக் கூப்பிட்டு, உங்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்றார். நபியின் பள்ளிவாசல் பெரிதாகக் கட்டப்பட்டதும் அவர் பொறுப்பில்தான். இதெல்லாம் பெருமைக் கணக்கில் சேரும்.

குபைப் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. குபைப், அப்துல்லாஹ் பின் ஸுபைரின் மகன். உமையாக்களுக்கு எதிராகத் தனி கலீஃபாவாக நின்று மக்காவில் கொல்லப்பட்டவர் அந்த அப்துல்லாஹ். மகன் ஏதோ பேசினார் என்று வலீதுக்குக் கோபம்; சவுக்கால் அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உமர் நிறைவேற்றினார். அடித்து, குளிர்காலத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி நிற்க வைத்தார்கள். குபைப் இறந்துபோனார். மேலிடத்து உத்தரவு என்று கையைக் கழுவிக்கொள்ள உமருக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் யாராவது அவருடைய நற்செயல்களைப் புகழ்ந்தால், அப்படியானால் குபைபுக்கு என்ன பதில் என்று கேட்பாராம். அவருடைய பின்னாள் ஆட்சியைப் புரிந்துகொள்ள விளக்கை விட இந்தச் சாவுதான் எனக்கு உதவுகிறது. அரசின் கை எவ்வளவு எளிதாக ஓங்கும் என்பது அவருக்குத் தன் கையாலேயே தெரிந்திருந்தது.

717-இல் தாபிக் என்ற ஊரில் கலீஃபா சுலைமான் மரணப் படுக்கையில் கிடந்தார். அவருடைய ஆலோசகர் ரஜா பின் ஹய்வா முத்திரையிட்ட கடிதம் ஒன்றைக் காட்டி, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று சொல்லாமலேயே குடும்பத்தாரிடம் விசுவாசப் பிரமாணம் வாங்கிக்கொண்டார். பிரித்துப் படித்தபோது சுலைமானின் தம்பிகள் பெயர் முதலில் இல்லை. சித்தப்பா மகன் உமர் பெயர் இருந்தது. தம்பிகளில் ஒருவரான ஹிஷாம் முரண்டு பிடித்தார், பயனில்லை.

அரச பவனிக்குக் குதிரைகள் வந்தன. வேண்டாம், விற்றுப் பணத்தைப் பொதுக் கருவூலமான பைத்துல் மாலில் போடுங்கள் என்றார். தன் பெயரில் இருந்த நிலப் பட்டாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லி ரத்து செய்தார். மனைவி ஃபாத்திமா ஒரு கலீஃபாவின் மகள். அவருடைய சகோதரர்களில் நான்கு பேர் கலீஃபாக்கள். அப்பா கொடுத்த நகை ஒன்று அவரிடம் இருந்தது. அது பொதுப்பணத்தில் வாங்கியது, நகையா நானா என்று கேட்டார் கணவர். நகை கருவூலத்துக்குப் போனது. வீட்டிலிருந்து தொடங்கியதால்தான் அடுத்ததாக உறவினர்கள் வளைத்துப் போட்டவற்றில் கை வைக்க முடிந்தது. நபியின் மகள் ஃபாத்திமாவின் வாரிசுகள் கோரி வந்த ஃபதக் தோட்டத்தையும் விட்டுக்கொடுத்தார். குடும்பத்தார் கொதித்துப்போய் அத்தையைத் தூது அனுப்பினார்கள். அத்தை வந்தார், பேசினார், வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் கலீஃபா உமரின் குடும்பத்தில் பெண் எடுத்தது நீங்கள்தானே, இப்போது அனுபவியுங்கள் என்று குடும்பத்தாரையே கடிந்துகொண்டாராம்.

வீட்டுக்குள்ளேயே எதிர்த்திசையிலிருந்தும் நெருக்கடி. மகன் அப்துல் மலிக்குக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான். இன்னும் வேகமாகச் செய்யுங்கள் என்று அப்பாவை விரட்டினான். எல்லா உண்மையையும் ஒரே மூச்சில் மக்கள் மேல் சுமத்தினால் ஒரே மூச்சில் எறிந்துவிடுவார்கள் என்பது அப்பாவின் கவலை. மகன் அப்பாவுக்கு முன்பே இறந்துபோனான். இருவரில் யார் சொன்னது சரி என்று என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

இதையெல்லாம் விடக் கடினமானது வரி. அந்தப் பேரரசு, வெல்லப்பட்ட நாட்டு மக்கள் கட்டிய ஜிஸ்யாவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜிஸ்யா முஸ்லிம் அல்லாதவர் தர வேண்டிய தலைவரி. எகிப்திலும் குராசானிலும் மக்கள் இஸ்லாத்தைத் தழுவத் தொடங்கியதும் அதிகாரிகளுக்குக் கிலி பிடித்தது; மதம் மாறினாலும் வரியைக் கட்டு என்றார்கள். உலக வரலாற்றில் இதைப் போல விசித்திரமான நிலைமை அதிகம் இராது. தம் மதத்தில் ஆள் சேர்வதைப் பார்த்து ஆட்சியாளர்கள் கவலைப்பட்டார்கள்! எகிப்தின் வரி அதிகாரி வருமானம் குறைகிறது என்று எழுதியபோது, இறைவன் முஹம்மதை வழிகாட்டியாக அனுப்பினான், வரி வசூலிக்க அனுப்பவில்லை என்று பதில் போனது. குராசான் ஆளுநர் ஜர்ராஹ், வரிக்குப் பயந்து மாறுகிறவர்களை விருத்தசேதனம் செய்திருக்கிறார்களா என்று சோதிக்கலாமா என்று கேட்டார். அதற்கும் அதே தோரணையில் மறுப்புப் போனது. சீக்கிரமே ஜர்ராஹின் பதவியும் போனது.

சமர்கந்து வாசிகள், 712-இல் அரபுத் தளபதி குதைபா எங்கள் ஊரைச் சூதாகப் பிடித்தார் என்று மனுக் கொடுத்தபோது உமர் அதை நீதிபதி விசாரிக்கட்டும் என்றார். நீதிபதி அரபுப் படை வெளியேற வேண்டும், பிறகு புதிதாகப் பேசியோ போரிட்டோ தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மறுபடி போரா என்று அஞ்சிய ஊரார் இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையில் பசியில் செத்துக்கொண்டிருந்த படையையும் அவர் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அவரை நம் காலத்து ஜனநாயகவாதியாக்கிப் பார்க்கக் கூடாது. கிறிஸ்தவர்கள் என்ன உடுத்தலாம், எப்படிச் சவாரி செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் கடிதமும் அவர் பெயரில் இருக்கிறது. பயான்களில் அதுவும் வருவதில்லை.

மொத்தமே இருபத்தொன்பது மாதம். 720 பிப்ரவரியில் நாற்பது வயதைத் தொட்ட பருவத்தில் இறந்தார். குடும்பத்தாரே நஞ்சு வைத்தார்கள் என்ற பேச்சு அப்போதே உண்டு. அடுத்து வந்த யஸீது பலவற்றைப் பழையபடி ஆக்கினார். நகையைத் தன் சகோதரி ஃபாத்திமாவுக்கே திருப்பித் தருவதாகவும் சொன்னார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

728-ஐ ஒட்டி குராசானில் அஷ்ரஸ் என்றொரு ஆளுநர், இஸ்லாத்தைத் தழுவினால் ஜிஸ்யா இல்லை என்று மீண்டும் ஆசை காட்டினார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். வருமானம் விழுந்ததும் அவர் போட்ட உத்தரவு, விருத்தசேதனம் செய்தவனா, ஓர் அத்தியாயமாவது ஓதத் தெரியுமா என்று பார்த்து வரியைத் தள்ளுங்கள் என்பது. கடைசியில் அதுவும் போய் எல்லாரிடமும் வசூலித்தார்கள். சமர்கந்துப் பகுதியின் சுக்து மக்கள் கிளர்ந்தார்கள். 747-இல் அதே குராசானில்தான் உமையாக்களுக்கு எதிரான கிளர்ச்சியின் கறுப்புக் கொடி ஏறியது. 750-இல் உமையா ஆட்சி இல்லை.